கிலோ அறுபது ரூபாய்

லாங்கு பஜாரில் முனவ்வர் பாய்
காட்டேரிகளைக் கிலோ அறுபதுக்குத் தருகிறார்.
ஓநாய் மனிதன் கெட்டி அட்டை, தராசு இறங்கிவிடும்.
மோகினி மெலிசு, இருபத்தைந்துக்கே வருவாள்.
வாங்கி வந்து ஆஸ்பத்திரி எதிர்ச்சந்தில்
லாட்ஜ் மேசைக்கு அடியில் அடுக்குவேன்.
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை
சாவி கொடுப்பது வேலை.
மற்ற நேரம் படிப்பு.

பதினோரு வருஷம் படித்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன்:
முந்நூறு வயதுக்காரன் இருபது வயதுப் பெண்ணைக்
காதலிப்பதில் எனக்கு வழக்கில்லை.
அந்த முந்நூறு வருஷத்தில் ஒருநாளாவது
ரேஷன் கடை வரிசையில் நின்றானா?
எல்லாக் காட்டேரிக்கும் மாளிகை இருக்கிறதே,
பட்டா யார் பேரில்?

வெயில் பட்டால் சாம்பலாகிவிடுவானாம்.
இதற்கு நாலு பக்கம் வர்ணனை.
சித்திரையில் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வரட்டும்,
பதினொன்றரை மணிக்கு
ஆற்காடு போகிற வண்டிக்கு நிற்கிறவர்களைப் பார்க்கட்டும்.
ஒருத்தரும் அதைச் சாபம் என்று சொல்லிக்கொள்வதில்லை.
மோர் பாக்கெட் வாங்கிக் குடிக்கிறார்கள்.

பனிமூட்டம், கல் பாவிய தெரு, நள்ளிரவு மணிக்கூண்டு.
இவை இல்லாத ஊருக்குப் பேய் வராது என்று
எவன் சொல்லி வைத்தான்?
எங்கள் ஊரை எங்கள் ஊரே கேலி பேசும்:
தண்ணி இல்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை,
மரம் இல்லாத மலை.
ஆறு செத்துப் பல காலம், பாலம் மட்டும் நிற்கிறது.
லாரிகள் ராத்திரியில் வந்து
அதன் உடம்பை அள்ளிக்கொண்டு போயின.
பாலாறு ஆவியாய் எழுந்து
கணக்குக் கேட்கிற ஒரு நாவல் வரட்டும்,
கிலோ நூறு கொடுப்பேன்.

ரத்தத்தைப் பற்றியும் ஒன்று.
குடிக்கிற எவனும் குரூப் கேட்பதில்லை.
அசாமிலிருந்து வந்த பையன் ஒருத்தன்
ஓ நெகட்டிவ் ஓ நெகட்டிவ் என்று
மூன்று மாடியும் கதவு தட்டினான்.
கொடுத்தவர் ஆம்பூர் ஷூ கம்பெனி சூப்பர்வைசர்.
திரும்பி வந்து ரெண்டு மாம்பழ ஜூஸ் கேட்டார்,
ஒன்று போதவில்லை என்றார்.
அந்த ருசியை எந்த ஆசிரியரும் எழுதவில்லை.

பாகம் இரண்டு, பாகம் மூன்று எனக்குப் பிடிக்காது.
முதல் பாகத்தில் செத்தவன்
மூன்றாம் பாகத்தில் தலை சீவிக்கொண்டு வருகிறான்.
அந்தப் பக்கம் வந்தால் கவிழ்த்து வைத்துவிடுவேன்.
மேலே அறைகளில் ஆட்கள் இருக்கிறார்கள்,
இதை வைத்துக்கொண்டு உட்கார எனக்குக் கூசும்.

ஒரே ஒரு விதியை மட்டும் நம்புகிறேன்.
அழைக்காமல் வாசல் தாண்ட முடியாது என்பது.
அதையும் முதலில் சிரித்தேன்.
எங்கள் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது,
யாரை யார் அழைப்பது?

போன ஆவணியில், மணி ரெண்டு நாற்பது.
207-இல் இருந்த மொண்டல் வெளியே நின்றார்.
பதினெட்டு நாளாகத் தங்கியிருந்தவர்.
வந்தபோது ரெண்டு பேர்.
அன்று கையில் டிபன் கேரியர்,
பாலிதீன் கவரில் ஒரு ஜோடிப் பெண் செருப்பு.
கதவு திறந்துதான் கிடந்தது.
தெருவிளக்கில் நிழல் மட்டும் நீண்டு
மேசை வரைக்கும் வந்துவிட்டது,
அவர் படியிலேயே.

பக்கத்தில் விரலை வைத்தபடியே
எனக்குத் தெரிந்த ஒரே வங்காளச் சொல்லைச் சொன்னேன்:
ஆசுன்.
நகரவில்லை.
எழுந்து போய், விரலை எடுத்துவிட்டு,
இன்னொரு தடவை சொன்னேன்.

அதன் பிறகு ஏறினார்.
அரைநாள் வாடகை உண்டா என்று கையால் கேட்டார்.
இல்லை என்று கையால் சொன்னேன்.
முதலாளிக்கு இன்னும் தெரியாது.

அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருந்தேன் என்று
பிறகு தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.
முனவ்வர் பாய் திரும்ப எடுத்துக்கொள்வார், கிலோ முப்பது.
மற்றதையெல்லாம் போட்டுவிட்டேன்.